'ஹேவ்' என்னும் வினையும் 'எனக்கு' என்னும் சொல்லும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் 11 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். சாம்பிள் எங்கே இருக்கிறது, துணி சாயப்பட்டறையிலிருந்து வந்துவிட்டதா, ஷிப்மென்ட் எந்த வாரம் கிளம்பும் என்று பையர், அதாவது ஆடைகளை வாங்கும் வெளிநாட்டுக்காரர், கேட்கும் கேள்விகளுக்கு நாள் முழுவதும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதுதான் அந்த வேலையில் பெரும்பகுதி. சேர்ந்த முதலாண்டில், திங்கட்கிழமை கூரியரில் போட்ட சாம்பிள்களைப் பற்றி, "வீ ஹேட் சென்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே" என்று ஒரு பையருக்கு எழுதினேன். அதன் பிறகு என்ன நடந்தது, சாம்பிள்கள் உங்களுக்கே திரும்பி வந்துவிட்டனவா என்று மறுநாள் அவர் கேட்டிருந்தார். எதுவும் நடக்கவில்லை, பெட்டி ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் எழுதிய 'ஹேட்' என்ற ஒரு சொல்தான் அவரை அப்படிக் கேட்க வைத்தது என்பது புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு மாலை ஆறரை மணிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பிழையைத் திருத்தினாலும் நான்கில் ஒன்றாவது இந்த 'ஹேவ்' என்னும் வினையில்தான் வந்து நிற்கிறது என்பது என் அனுபவம். அதில் வியப்பில்லை. ஆக்ஸ்போர்டு தொகுத்த பெரும் சொற்றொகுதியை வைத்து எண்ணிய பட்டியலில், ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் இது 9ஆம் இடத்தில் இருக்கிறது; வினைச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 'பீ' என்பதற்கு அடுத்து இதுதான். இத்தனை முறை வரும் சொல்லை நம் பாடப்புத்தகங்களும் முப்பது நாள் புத்தகங்களும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: "ஐ ஹேவ் – நான் வைத்திருக்கிறேன்; ஹி ஹேஸ் – அவன் வைத்திருக்கிறான்." அந்த ஒரு வரியிலிருந்துதான் எங்கள் சிரமங்களில் பாதி தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாம் தமிழில் எதையெல்லாம் 'வைத்திருக்கிறோம்' என்று பாருங்கள். ஸ்கூட்டர் வைத்திருக்கிறோம், கடை வைத்திருக்கிறோம், கையில் குடை வைத்திருக்கிறோம். ஆனால் தம்பியை வைத்திருப்பதில்லை, தலைவலியை வைத்திருப்பதில்லை, நேரத்தை வைத்திருப்பதில்லை. "எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்", "எனக்குத் தலைவலி", "எனக்கு நேரம் இருக்கிறது" என்றுதான் சொல்கிறோம். கைப்பணத்துக்கு வந்தால் 'எனக்கு' மாறி 'என்னிடம்' ஆகிறது: "என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது." "என்னிடம் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்று தமிழ்க் குழந்தை ஒருநாளும் சொல்லாது, யாரும் அதற்கு அந்த விதியைக் கற்றுக்கொடுத்ததும் இல்லை. அறைக்குச் சன்னல் இருப்பதைச் சொல்லும்போது "அறையில் இரண்டு சன்னல்கள் இருக்கின்றன" என்று 'இல்' வந்துவிடுகிறது. இவை அத்தனையையும் ஆங்கிலம் 'ஹேவ்' என்ற ஒரே வினையால் சொல்கிறது. தம்பி, தலைவலி, நேரம், நூறு ரூபாய், அறையின் சன்னல் எல்லாம் அதற்கு ஒன்றே.

உறவும் உறுப்பும் ஒரு வகை, கைப்பொருள் வேறு வகை என்று பிரித்துப் பார்ப்பது நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. ஆறாம் வேற்றுமையின் பொருளைச் சொல்லும் இடத்தில் நன்னூல் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாகப் பகுக்கிறது. சாத்தனது கை என்பது அவனிலிருந்து பிரியாதது, சாத்தனது வீடு என்பது பிரியக்கூடியது. 'எனக்கு', 'என்னிடம்' என்ற வேறுபாடு இந்தப் பகுப்போடு அச்சாகப் பொருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் "எனக்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது" என்றும் தாராளமாகச் சொல்கிறோம். ஆனாலும் இரண்டும் ஒரே திசையில் நோக்குகின்றன. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்த இரண்டு சொற்களும், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயன்பட்டன.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்ற வாக்கியத்தில் எழுவாய் தம்பி. 'இருக்கிறான்' என்ற முற்று அவனுக்குத்தான் இயைகிறது. தங்கை என்றால் 'இருக்கிறாள்', மாடுகள் என்றால் 'இருக்கின்றன'. ஆங்கிலத்திலோ உடையவரே எழுவாய், உடைமை செயப்படுபொருள். என் வகுப்பில் சிலர் திரும்பத் திரும்ப "ஐ ஹேஸ் எ பிரதர்" என்று எழுதுவதைக் கவனக்குறைவு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படியன்று. அவர்கள் மனத்தில் அந்த வினை 'நான்' என்பதோடு அல்லாமல், தம்பியோடு இயைந்து நிற்கிறது. தம்பி படர்க்கை ஒருமை, ஆகவே 'ஹேஸ்'. தமிழ் முறைப்படி அது சரியான கணக்கு. இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் 'ஹேஸ்' என்பதைச் சிவப்பு மையில் அடிப்பதை நிறுத்தினேன். அதற்கு மாறாகக் கரும்பலகையில் 'எனக்கு' என்று எழுதி, 'கு' உருபைத் துணியால் துடைத்துவிட்டு, இப்போது இவரே எழுவாய், வினை இவரைத்தான் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறேன். இரண்டு வாரத்தில் பெரும்பாலோர் திருத்திக்கொள்கிறார்கள்.

'வைத்திருக்கிறேன்' என்ற மொழிபெயர்ப்பு இன்னொரு பிழைக்கும் வழி விடுகிறது. அது கேட்பதற்குத் தொடர்வினை போல் ஒலிக்கிறது. 'செய்துகொண்டிருக்கிறேன்' என்பதன் உறவுக்காரன் போல. ஆகவே "ஐ ஆம் ஹேவிங் எ ஸ்கூட்டர்", "வீ ஆர் ஹேவிங் டூ யூனிட்ஸ்" என்று எழுதுகிறோம். உடைமையைச் சொல்லும்போது 'ஹேவ்' நிலையைக் குறிக்கிறது, செயலைக் குறிப்பதில்லை; நிலைக்கு 'இங்' வராது. அதே சொல் சாப்பிடுவதையோ குளிப்பதையோ குறித்தால் அது செயலாகிவிடுகிறது. அப்போது "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" என்பது முழுக்கச் சரி. இந்த வேறுபாட்டை விளக்க வகுப்பில் நான் எப்போதும் இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். "ஷி ஹேஸ் எ பேபி" என்றால் அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. "ஷி இஸ் ஹேவிங் எ பேபி" என்றால் அவள் பிள்ளை பெறப்போகிறாள், அல்லது இந்த நேரத்தில் பெற்றுக்கொண்டிருக்கிறாள். "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்று பையர் தரப்பிலிருந்து வந்த பெண் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, அவர் ஏன் மகிழ்ந்துபோய் வாழ்த்துச் சொன்னார் என்று விளங்காமல் நின்ற தோழியை எனக்குத் தெரியும். இந்தக் கதையைக் கேட்டவர்கள் பிறகு அந்த 'இங்'கைத் தவறவிடுவதில்லை.

உணவு, குளியல், தூக்கம் ஆகியவற்றுக்கு 'ஹேவ்' வருவதை நம்மவர்கள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு வெற்று வினை இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். "ஒரு தூக்கம் போட்டேன்", "ஒரு குளியல் போட்டேன்" என்னும்போது 'போடு' எதையும் எங்கும் போடுவதில்லை; பொருள் முழுவதையும் பெயர்ச்சொல் சுமக்கிறது. "ஐ ஹேட் எ நேப்", "ஐ ஹேட் எ பாத்" என்பவை அச்சு அசலாக அதே கட்டமைப்பு. பிரிட்டனில் குளியலுக்கு 'ஹேவ்' என்பார்கள், அமெரிக்காவில் 'டேக்' என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் யாரும் தவறென்று கொள்ளமாட்டார்கள்.

தமிழில் 'ஹேவ்' என்பதற்கு வினையே இல்லை என்று மொழிநூல் எழுதுபவர்கள் சிலர் சொல்வதுண்டு. இன்றைய பேச்சுத் தமிழை மட்டும் பார்த்தால் அது உண்மை போலத் தோன்றும். ஆனால் நமக்கு 'உடை' என்ற அடி இருந்தது. உடையேன், உடையன், உடைத்து என்று குறிப்பு வினைமுற்றாக, காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல், நன்றாக வழங்கியது. 336ஆம் குறளைப் பாருங்கள்: "நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு." உளன், இல்லை, உடைத்து என்ற மூன்றும் ஒரே குறளில் அடுத்தடுத்து நிற்கின்றன. மனிதன் இருக்கிறான், இல்லாமல் போகிறான். பெருமையை உடையது உலகம் மட்டுமே. இந்தக் குறளை நான் எத்தனையோ முறை படித்திருந்தாலும், ஆங்கில வினையொன்றைக் கற்பிக்கப் போய்த்தான் இந்த மூன்று முற்றுகளின் அமைப்பு என் கண்ணில் பட்டது. கல்வியைப் பற்றிச் சொல்லும் 395ஆம் குறளில் "உடையார்முன் இல்லார்போல்" என்று வருகிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ்ஸ்' என்றும் 'ஹேவ் நாட்ஸ்' என்றும் ஒரே வினையை வைத்து இரு கூட்டத்தாரையும் சொல்வார்கள். தமிழில் பொருள் இருப்பவர் 'உடையார்'. பொருள் இல்லாதவரோ 'இல்லார்', அதாவது ஆளே இல்லை என்பது போன்ற சொல். இன்று அந்த 'உடை' முற்றாக வழங்குவதில்லை; 'என்னுடைய' என்ற சொல்லுருபாகவும் 'அறிவுடைய' என்ற ஒட்டாகவும்தான் எஞ்சியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் சொல்லாமல் விட முடியவில்லை. பழைய ஆங்கிலத்தில் இது 'ஹப்பன்'. லத்தீனில் உடைமையைக் குறிக்கும் வினை 'ஹபேரே'. ஒலியும் பொருளும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் அக்காள் தங்கை என்றே எவரும் நினைப்பார்கள். இல்லை. தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களுள் மூத்தவரான யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி, லத்தீனில் 'க' ஒலி இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹ' ஒலி வரும். கொம்புக்கு அங்கே 'கொர்னு', இங்கே 'ஹார்ன்'. நாய்க்கு அங்கே 'கானிஸ்', இங்கே 'ஹவுண்ட்'. நூறுக்கு அங்கே 'கென்டும்', இங்கே 'ஹண்ட்ரட்'. அந்த விதிப்படி 'ஹேவ்' என்பதன் உண்மையான உடன்பிறப்பு 'காபெரே' என்ற லத்தீன் வினை. அதன் பொருள் பற்றுதல், பிடித்தல். 'கேப்சர்', 'கேப்டிவ்' போன்ற சொற்கள் அதிலிருந்து வந்தவை. ஆக 'ஹேவ்' முதலில் ஒன்றைக் கையால் பற்றிக்கொள்வதைக் குறித்து, பிறகு பற்றிய பொருள் கையில் இருப்பதைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறது. நம் 'கொள்' என்ற வினையும் எடுத்துக்கொள்வதில் தொடங்கி, இன்று 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று துணைவினையாகிவிட்டதை நினைத்தால், இந்தப் பயணம் நமக்கு அந்நியமாகத் தெரியாது. லத்தீனிலேயே 'மிஹி எஸ்ட் லிபெர்' என்ற பழைய வழக்கும் உண்டு; சொல்லுக்குச் சொல் 'எனக்கு உள்ளது புத்தகம்'. அந்த லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு மொழி அந்த வழியை விட்டுவிட்டு 'அவுவார்' என்ற உடைமை வினைக்குப் போய்விட்டது. உடைமையைச் சொல்ல நான்காம் வேற்றுமையே போதும் என்று நாம் தங்கிவிட்டோம். இதை வைத்து அவர்கள் உடைமை வெறி கொண்டவர்கள், நாம் பற்றற்றவர்கள் என்றெல்லாம் பேசுவதை நான் ஏற்பதில்லை. இலக்கண உருபை வைத்து மனிதரின் குணத்தை அளக்க முடியாது.

துணைவினையாக வரும் 'ஹேவ்' இதைவிடக் கடினமானது. அதன் வரலாற்றைச் சொன்னால் அது கொஞ்சம் இளகுகிறது. "ஐ ஹேவ் தி லெட்டர் ரிட்டன்" என்ற அமைப்பிலிருந்து, அதாவது எழுதி முடிக்கப்பட்ட நிலையில் கடிதம் என் கையில் இருக்கிறது என்ற பொருளிலிருந்து, "ஐ ஹேவ் ரிட்டன் தி லெட்டர்" என்ற முற்றுநிலை வளர்ந்தது. ஆங்கிலம் உடைமையின் வழியாகச் சென்ற அந்த இடத்துக்குத் தமிழ் இருத்தலின் வழியாகச் செல்கிறது: எழுதி இருக்கிறேன், வந்து இருக்கிறேன். போதல், வருதல் போன்ற வினைகளில் ஆங்கிலமும் ஒருகாலத்தில் நம்மைப் போலவே 'பீ'யைத்தான் பயன்படுத்தியது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் "ஹி இஸ் ரிஸன்" என்று இருக்கிறது, "ஹி ஹேஸ் ரிஸன்" என்று இல்லை. பின்னாளில் 'ஹேவ்' எல்லா வினைகளுக்கும் பரவிவிட்டது.

எனவே 'இருக்கிறேன்' வரும் இடத்தில் 'ஹேவ்', 'இருந்தேன்' வரும் இடத்தில் 'ஹேட்' என்று ஒரு சமன்பாட்டைப் பிள்ளைகள் தாமாகவே போட்டுக்கொள்கிறார்கள். அது பத்துக்கு ஆறு இடத்தில் சரியாக வரும். மீதி நான்கில் கவிழ்த்துவிடும். "போன வருஷம் இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன்" என்பது நல்ல தமிழ். அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் "ஐ ஹேவ் கம் டு திஸ் டெம்பிள் லாஸ்ட் இயர்" என்று ஆகும், அது பிழை. முடிந்துபோன ஒரு காலத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டால் ஆங்கிலத்தின் இந்த 'ஹேவ்' அங்கே நிற்பதில்லை. இறந்தகாலம் மட்டுமே வரும். நம் 'வந்திருக்கிறேன்' என்பதற்குள் அந்த அனுபவம் எனக்கு உண்டு என்ற பொருள் இருக்கிறது, எந்த ஆண்டில் என்று சொன்னாலும் அது கலைவதில்லை.

"அவர் டெல்லிக்குப் போயிருக்கிறார்" என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். இப்போது ஊரில் இல்லை, டெல்லியில் இருக்கிறார் என்பது ஒன்று; வாழ்நாளில் எப்போதோ ஒருமுறை டெல்லியைப் பார்த்தவர் என்பது மற்றொன்று. சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிட்டது: ஆள் திரும்பவில்லை என்றால் "ஹேஸ் கான்", போய்வந்தவர் என்றால் "ஹேஸ் பீன்". மேலாளரைக் கேட்டு வெளிநாட்டிலிருந்து போன் வரும்போது, அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கையில், "ஹி ஹேஸ் கான் டு சைனா" என்று சொல்லிவிட்டால் அழைத்தவர் போனை வைத்துவிடுவார்.

இப்போது என் சாம்பிள் பெட்டிக்கு வருகிறேன். "நேற்று சென்னைக்குப் போயிருந்தேன்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். போனேன் என்பதோடு, போன வேலை முடிந்தது, இப்போது இங்கே இருக்கிறேன் என்ற பொருளும் அந்த 'இருந்தேன்' என்பதில் அடங்கியிருக்கிறது. "திங்கட்கிழமையே சாம்பிள் அனுப்பியிருந்தோமே" என்றுதான் என் மனம் தமிழில் சொன்னது. கை "வீ ஹேட் சென்ட்" என்று எழுதியது. ஆங்கிலத்தில் 'ஹேட் சென்ட்' தனியாக நிற்காது. இறந்தகாலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சிக்கு முன்பே இது நடந்தது என்று காட்டத்தான் அது வரும். நீங்கள் ஆர்டரை நிறுத்தச் சொல்லும் முன்பே நாங்கள் அனுப்பிவிட்டோம் என்பது போல. என் மெயிலில் முதல் நிகழ்ச்சி மட்டும் இருந்தது, இரண்டாவது இல்லை. ஆகவே அவர் இரண்டாவதைத் தேடினார். "வீ சென்ட் தி சாம்பிள்ஸ் ஆன் மண்டே" என்று எழுதியிருந்தால் கேள்விக்கே இடமில்லை. இன்றும் திருப்பூரிலிருந்து போகும் மெயில்களில் இந்தத் தனி 'ஹேட்' நிறையவே இருக்கிறது. மரியாதையாகவும் படித்தவர் எழுத்துப் போலவும் தோன்றுகிறது என்பதற்காகவே அதைச் சேர்ப்பவர்களையும் பார்க்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: 'முன்பே' என்ற சொல்லை உங்கள் தமிழ் வாக்கியத்தில் சேர்த்துப் பாருங்கள், எதற்கு முன்பே என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும், பதில் இல்லையென்றால் 'ஹேட்' வேண்டாம்.

கட்டாயத்தைக் குறிக்கும் 'ஹேவ் டு' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேச்சில் இதன் ஒலி 'ஹேஃப் டு' என்று மாறிவிடும்; 'வ்' என்று அழுத்திச் சொல்பவரைக் காண்பது அரிது. பொருளில் சிக்கல் எதிர்மறையில்தான் இருக்கிறது. "யூ டோன்ட் ஹேவ் டு கம்" என்றால் வரவேண்டிய கட்டாயம் இல்லை, விரும்பினால் வரலாம் என்று பொருள். "வர வேண்டாம்" என்று தடுப்பதற்கு அதைப் பயன்படுத்தினால் எதிரில் இருப்பவர் வந்துவிடுவார். ஃபேக்டரியில் தணிக்கை நடக்கும் நாளில் பார்வையாளர் ஒருவரிடம் இப்படிச் சொல்லிவிட்டு, அவர் காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றதை நேரில் கண்டிருக்கிறேன்.

பிறரைக் கொண்டு செய்விப்பதற்கும் இதே வினை வருகிறது. "ஐ கட் மை ஹேர்" என்று எழுதினால் நானே கத்தரி எடுத்து வெட்டினேன் என்று ஆகும். "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்றால்தான் பார்லரில் வெட்டிக்கொண்டேன் என்று ஆகும். நம் 'வெட்டிக்கொண்டேன்' என்பதில் வரும் 'கொள்' இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் "ஐ ஹேட் மை பர்ஸ் ஸ்டோலன்" என்பதும் அதே வாய்பாடுதான். அங்கே யாரும் எதையும் செய்விக்கவில்லை, திருட்டு எனக்கு நேர்ந்தது. இந்த இடத்தில் மட்டும் 'ஹேவ்' நம் 'எனக்கு' என்பதற்கு மிக அருகில் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றும்.

கடைசியாக, போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்', 'குட் ஹேவ்' மூன்றையும் அன்று எடுத்தேன். பேச்சில் இந்த 'ஹேவ்' தேய்ந்து 'அவ்' என்று ஒலிப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'குட் ஆஃப்' என்று தப்பாக எழுதுவதுண்டு என்று சொன்னபோது வகுப்பில் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்தது. தமிழில் "அவர் வந்திருக்க வேண்டும்" என்பதற்கு இரண்டு பொருள். வாசலில் செருப்புக் கிடக்கிறது, ஆகவே வந்திருக்க வேண்டும் என்பது ஊகம். அதற்கு 'மஸ்ட் ஹேவ் கம்'. வரவேண்டிய நேரத்தில் வரவில்லையே என்ற வருத்தத்திலும் அதே தொடரைத்தான் சொல்கிறோம். அதற்கு 'ஷுட் ஹேவ் கம்'. இரண்டுக்கும் நடுவே ஆள் வந்தாரா, வரவில்லையா என்ற முழு வேறுபாடும் இருக்கிறது.

ஆளுக்கொரு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னேன். செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் ஓர் அக்கா எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார். அவர் நோட்டில், "மை ஃபாதர் மஸ்ட் ஹேவ் கான் டு தி ஹாஸ்பிடல் தட் டே" என்று எழுதியிருந்தார். ஊகமாக எழுதியிருக்கிறார் என்று எண்ணி, சரி என்று குறியிடப் போனவள், எதற்கும் கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தேன்.

"அக்கா, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனாரா?"

"போகலைங்க மிஸ். நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரு, வாய்வுன்னு நாங்களும் விட்டுட்டோம். அன்னைக்கே போயிருக்கணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கரும்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, 'மஸ்ட்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'ஷுட்' என்று எழுதினார். பிறகு, "அன்னைக்கேங்கறதுல ஒரு 'ஏ' இருக்கே மிஸ், அது இதுல வரலையே?" என்று கேட்டார். 'வெரி' என்ற சொல்லைச் சேர்க்கலாம், 'தட் வெரி டே' என்று வரும் என்றேன். இரண்டு சொற்களுக்கும் நடுவில் இடம் போதவில்லை. கீழே ஒரு சிறிய கூரைக்குறி போட்டு, அதன் மேல் பொடி எழுத்தில் 'வெரி' என்று எழுதிக்கொண்டார்.